நீலமணிக்குக் கிடைத்த முத்தம்

அன்பு நஜ்லா,

நீயும் மகள் ரீமும் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். உன் இருமல் நின்றதா? நான் நலம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இந்த ஓமான் ஆலையில் போன வாரம் ஒரு கூத்து. உப்பை அளக்கும் கருவியின் கம்பியை நேராகக் கணினியில் கொடுக்காமல், நடுவில் வோல்டேஜ் ஃபாலோயர் என்ற சின்னச் சுற்று ஒன்றை வைத்திருந்தேன். வருகிற மின்னழுத்தத்தை அப்படியே கடத்தும். மின்சாரம் எகிறி அடி வந்தால், கணினிக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்ளும். மோட்டார் கோளாறில் அடி வந்தது. அந்தச் சுற்றின் சில்லு, அதாவது சிப், கருகியது, கணினி தப்பியது. சில்லைக் கழற்றியதில் என் விரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

இன்ஜினியர் ஷவ்கி நம் எகிப்தின் தமன்ஹூர்க்காரர். கண்படாமலிருக்கக் கணினிமேல் தான் தொங்கவிட்டிருந்த நீலமணியை எடுத்து முத்தமிட்டார்.

"பாத்தியா ரம்ஸி, மணி காப்பாத்திடுச்சு! உன் சாமான்தான் கருகிப்போச்சு. அஞ்சு வோல்ட் உள்ள போனா அதே அஞ்சுதான் வெளிய வருது. அது எதுக்குய்யா நடுவுல? இனிமே வைக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மணியில் கீறல் விழுந்திருக்கிறதாம், அவருக்கு ஊரிலிருந்து புதிது வேண்டுமாம். காய்ந்த முலூக்கியா கீரையோடு அனுப்பு. அவர் கண்ணில் படாதபடி கீரைக்குள் நான்கு சில்லுகளை மறைத்து வை. வாங்கவேண்டிய சில்லின் எண் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. ரீம் கிறுக்கிய தாள் எதுவானாலும் ஒன்று வை.

ஆலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. புதுச் சில்லோடு அந்தச் சுற்றை மணிக்குப் பின்னால் ரகசியமாகப் பொருத்திவிடுவேன். அடுத்த முறையும் அவர் மணியைத்தான் முத்தமிடுவார்.

ரம்ஸி