பஸ் ஏறி எங்கே போனாள்

மணலி புதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பேத்தி மகிழினிக்கு, ஆயா வரலட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். கோயம்புத்தூரில் மழை என்றாய், தலையை நனைய விடாதே.

எந்தப் பெண் எழுதியது புத்தகமாக வரணும் என்று முடிவு பண்ணுவது என் பேத்திதான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இதைவிட என்ன வேணும்? அந்தப் பெருமையில்தான் எதிர்வீட்டு பவானியின் கதையை உனக்கு அனுப்ப வைத்தேன்.

தண்ணி லாரிக்குக் குடம் போட்டுக் காத்திருக்கும்போது அவள் அதை எங்களுக்குப் படித்துக் காட்டுவாள். ஒரு நாள் லாரி வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். என் பக்கத்தில் குடம் போட்டிருந்த மலர் அவனைப் பார்த்து, "இருய்யா, ஒரு பக்கம்தான் பாக்கி கீது" என்றாள். அன்றைக்கு பவானி முகத்தை நீ பார்த்திருக்கணும்.

எழுத்து நன்றாக இருக்கிறது, முடிவுதான் சரியில்லை என்று எழுதினாய். கொடியில் காய்ந்த துணியில் கம்பெனிப் புகைக் கரி படிந்துவிடுகிறது, அந்தப் பெண் வாளியை எடுத்து மறுபடி அலச உட்காருகிறாள், இது ஒரு முடிவா என்றாய். அவள் வீட்டை விட்டுப் போகணும், உனக்குப் பிடிப்பது அப்படிப்பட்ட கதைதான் என்றாய். என் பேத்திக்குத் தெரியாததா என்று நானும் பவானியை நச்சரித்தேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கதைப் பெண் பையோடு பஸ் ஏறுகிற மாதிரி எழுதினாள்.

அதையும் லாரி வரிசையில் படித்தாள். முடித்ததும் மலர்தான், "பஸ் ஏறி எங்கக்கா போனா?" என்றாள். கிண்டல் இல்லை கண்ணு, நிஜமாகவே கேட்டாள். பவானி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

புது முடிவோடு அனுப்பியதை இப்போது புத்தகமாகப் போடுகிறோம் என்று உன் கடிதம் வந்தது. ஓடிப்போய் பவானியிடம் கொடுத்தேன். "அது என் கதை இல்ல ஆயா. வேணாம்னு எழுதிடு" என்றாள். பழைய முடிவையே திரும்ப எழுதேன் என்றேன். வரவில்லை என்றாள். இப்போதெல்லாம் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்கிறாள். எழுதுவதும் இல்லை.

உன் மேல் கோபமில்லை. நீ போனாய், நன்றாக இருக்கிறாய். உன் அம்மா இங்கேயே இருந்துவிட்டாள். நேற்றும் கரி விழுந்தது. நான் இதை எழுதும்போது பின்னால் துணி அலசிக்கொண்டிருக்கிறாள்.

மலர் கேட்டதற்கு உனக்குப் பதில் தெரிந்தால் இரண்டு வரி எழுது. உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

நீ நல்லா இருக்கணும் கண்ணு.

உன் ஆயா,
வரலட்சுமி