இருக்கைக்கு அடியில் பச்சை விளக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், போனில் எது கேட்டாலும் நீ நல்லா இருக்கேம்பா என்றுதானே சொல்வாய். அம்மாவுக்குத் தும்மல் குறைந்திருக்கிறது. என் முழங்கால் அப்படியேதான். போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

படகுக்குப் புது பேட்டரி வாங்கினேன் என்று சொன்னேன் அல்லவா. பேட்டரிக் கடைக்கார அம்மா அன்றைக்கே தெளிவாகச் சொன்னார், இதுல ரெண்டு தினுசு இருக்குங்க, ஒண்ணு எஞ்சினைக் கிளப்ப ஒரே மூச்சுல குடுக்கும், இன்னொண்ணு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கும், உங்க படகுல வேற என்ன ஓடுது என்று கேட்டார். எஞ்சினைத் தவிர ஒரு விளக்குகூடக் கிடையாது என்றேன், கிளப்புகிற தினுசையே கொடுத்தார். அது மெல்ல மெல்ல வடிந்தால் சீக்கிரம் வீணாகிவிடுமாம். நான் சும்மா விடுவேனா. அலையில் குலுங்காமல் வார் போட்டு இறுக்கினேன், முனைகளைத் துடைத்து வாசலின் தடவினேன், கரைக்கு வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அப்படியும் பத்து நாள் காற்றில் படகை எடுக்காமல் விட்டு, பதினோராம் நாள் சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நீங்க பேட்டரியோட குடும்பம் நடத்துங்க, நான் கூடத்துல படுத்துக்கறேன் என்று அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்து நாளாகியும் துளி இறங்கவில்லை. வீட்டில் வடியாதது படகில் வடிகிறது என்றால் படகுத்துறையில் யாரோ கை வைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். துறையில் பட்டறை வைத்திருப்பது மெக்கானிக் ஒருவன்தான். இருபது வருஷப் பழக்கம், நீ மாமா என்று கூப்பிடுகிறவன், நான் படகில் மயங்கி விழுந்த பிறகு நீ கேட்டுக்கொண்டதற்காகத் தன் வேலையை விட்டுவிட்டு நான் மளிகை கொண்டுபோகிற தீவு வீடுகளுக்கெல்லாம் என்னோடு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறவன். அவன்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பேட்டரியை மறுபடி படகில் பூட்டி, பெட்டி மூடியில் ஒரு நூலை ஒட்டி வைத்தேன். மூன்றாம் நாள் நூல் அறுந்திருந்தது. மறுநாள் படகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், அவன் குப்புறப் படுத்து என் இருக்கைக்கு அடியில் கை விட்டுக்கொண்டிருந்தான், வாயில் டேப்பு, கையில் கட்டிங் பிளேயர். என்னடா பண்றே என்றேன். சும்மாதான் என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. துறையில் நாலு பேர் நிற்கும்போதே அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனான், அந்த மௌனத்தையும் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. ஏரி நடுவில் எஞ்சின் நின்ற இரண்டு தடவையும் கொஞ்ச நேரத்தில் உன் போன் வந்தது, எங்கப்பா இருக்கீங்க, சும்மாதான் கேட்டேன் என்றாய். அம்மாதான் உளவு சொல்கிறாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த ரெண்டு நாளும் வீடு நிம்மதியா இருந்துச்சு என்று இப்போது சொல்கிறாள்.

போன வாரம் பேட்டரி மறுபடி படுத்துவிட, இன்னொன்று கேட்டுப் போனேன். கடைக்கார அம்மா, தர மாட்டேன், முதல்ல படகைக் காட்டுங்க என்று மீட்டரோடு வந்துவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்தும் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. சுவிட்சுக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய வயர் பிரிந்து இருக்கைக்கு அடியில் போகிறது, நடுவில் ஒட்டுப் போட்ட இடம் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்துக் கிடக்கிறது, நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, பச்சை விளக்கு மினுக்குகிறது. படகு எங்கே போனாலும் இது போன்ல காட்டும், பெட்டி குடிக்கிறது கொஞ்சம், இந்த ஈர ஒட்டுல கசியறதுதான் அதிகம் என்றார். நான் உடனே மெக்கானிக்தான் வேவு பார்க்கிறான் என்றேன். அவர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பிளாஸ்திரியில் உன் கையெழுத்து. அப்பா, கழட்டாதீங்க.

நேராகப் பட்டறைக்குப் போனேன். அவன் உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பாப்பா குடுத்து மாட்டச் சொன்னுச்சு, யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமான்னுச்சு, சொல்லலை, அந்த ஒட்டை மட்டும் மாத்திடலாம்னு பார்த்தேன் என்றான். எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் அதே நாலு பேரைத் துறையில் நிற்கவைத்து, தப்பு என்மேலதான் என்று சொன்னேன்.

நீ ஒளித்து வைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. சந்தேகப் பிராணிக்குப் பிறந்தது வேறெப்படி இருக்கும் என்கிறாள் அம்மா. ஆனால் உன் பெட்டிக்குத் தெரியாத ஒன்றை நானே சொல்கிறேன். மாமா பக்கத்துல இருக்காரா என்று நீ கேட்டபோதெல்லாம் இருக்கான், இருக்கான் என்றேன். அவனைத் துரத்திய பிறகு ஒன்றரை மாதம் நான் தனியாகத்தான் போனேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இவ்வளவிலும் பொய் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

பெட்டியைக் கழற்றவில்லை. அதற்குத் தனியாக, மெல்லக் கொடுக்கிற தினுசில் சின்ன பேட்டரி ஒன்று வைத்தாகிவிட்டது. உன் காரிலும் பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல், அவர் பார்த்தாச்சு என்றால் நம்பாதே, நீயே மூடியைத் திறந்து பார். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

மெக்கானிக் நாளை முதல் வருகிறேன் என்று சொல்லவில்லை, எஞ்சினில் ஆயில் இருக்கா என்று மட்டும் கேட்டான். தினமும் உன் போனைப் பார்த்துக்கொள். அவன் ஏறி உட்காராமல், என் படகைக் காட்டுகிற அந்தப் புள்ளி இனிமேல் கரையை விட்டு நகராது.

இப்படிக்கு,
உன் அப்பா