பந்தக்கால் குழி

விக்கிரமசிங்கபுரம்,
தை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். பெங்களூரில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. போனில் நான் ‘ம்’ என்று மட்டும்தான் சொல்கிறேன் என்று உன் அம்மா குறைப்படுகிறாள். அது உண்மைதான். அதனால்தான் கடிதம்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, உன்னோடு வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துப் பையன் சுஜினைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் என்பதால் எங்களுக்குச் சங்கடம் வேண்டாம், மார்ச் கடைசியில் அங்கேயே ரிஜிஸ்தர் ஆபீஸில் முடித்துக்கொள்கிறோம் என்றும் சொன்னாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் வீட்டு விஷயம்.

முற்றம் முழுவதும் கல் பாவியாகிவிட்டது. ஐப்பசி மழையில் கேட்டிலிருந்து படி வரை சேறாகி, பால் வாங்கப் போன உன் அம்மா வழுக்கி விழப் பார்த்தாள். அதைச் சாக்காக வைத்து ஆரம்பித்தேன். நீ ஊருக்குப் போன பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை என்பதும் ஒரு காரணம். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற ஆளுக்குக் கோபம் வந்தால் போக இடமில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து கணேஷ்ராம் என்பவர் வேலையை எடுத்துச் செய்தார். மேல்மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி போட்டு, வீடே அதிரும்படி மெஷினால் இறுக்கி, அதன் மேல் எம்-சாண்ட் பரப்பிக் கல்லை அடுக்கினார்கள். கேட்டிலிருந்து படி வரை சிவப்புக் கல்லில் ஒரு நடைபாதை. அதிலிருந்து பிரிந்து துவைக்கிற கல் வரை இன்னொன்று. மேற்கே மலை தெரிகிற பக்கம், நாலு நாற்காலி போடுகிற அளவுக்கு உட்காரும் இடம். நாலு எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். கடையில் செட்டாகத்தான் தருகிறார்கள் என்றேன். வாட்டம் சரியாக வந்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன், தேங்காமல் தெருப் பக்கம் ஓடிவிட்டது.

வடகிழக்கு மூலைக்கு வந்தபோது, “அண்ணாச்சி, பந்தக்கால் குழி எங்கன விடணும்?” என்று கணேஷ்ராம் கேட்டார். கல் பாவுகிற வீடுகளில் இப்போது இப்படி ஒரு குழியை விட்டு மூடி போட்டுக்கொள்கிறார்களாம். இல்லாவிட்டால் கல்யாணத்தின்போது கல்லைப் பெயர்க்க வேண்டி வரும். உன் அக்கா விஜயஸ்ரீ கல்யாணத்துக்கு அந்த மூலையில்தான் கால் நட்டோம். குழியில் பால் ஊற்றியது நீதான், பாவாடையிலும் பாதியைக் கொட்டிக்கொண்டாய். மூத்தவளுக்கு ஆகிவிட்டது, இளையவள் ஆபீஸில் கையெழுத்துப் போடப் போகிறாள், இனி குழி எதற்கு என்று எனக்குப் பட்டது. வேண்டாம், முழுசாகப் பாவிவிடுங்கள் என்றேன்.

உன் அம்மா அப்போது வேலையாட்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் பார்த்தால், பிளாஸ்டிக் நாற்காலியை அந்த மூலையில் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். கீரை முடிந்ததும் வெங்காயம் உரித்தாள். அது முடிந்ததும் உளுந்தில் கல் பொறுக்கினாள். எழுந்திருக்கவே இல்லை. சுற்றிலும் கல் வந்துவிட்டது, அவள் நாற்காலி மட்டும் மண்ணில் நிற்கிறது. வெயில் ஏறியதும் குடையை விரித்துக்கொண்டாள். கணேஷ்ராம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை அணைத்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரே எரிச்சல்.

கிட்டப் போய், எழுந்து உள்ளே போ என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என் பிள்ள யாரக் கட்டுனாலும் இங்கன வச்சுத்தான் கட்டணும். குழிய விடச் சொல்லுங்க, எந்திரிக்கேன்” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. குடை ஒரு பக்கம் சாய்ந்து வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பந்தல் போடுகிறவரிடம் கால் எவ்வளவு பருமன் வரும் என்று கேட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே ஒரு துண்டு பி.வி.சி. குழாய் வாங்கி வந்தேன். அதை மண்ணில் இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் போட்டாயிற்று. அடிப்பக்கத்தை அடைக்கக் கூடாது, பால் மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். அப்படியே திறந்து விட்டிருக்கிறோம். மேலே மட்டும் மூடி. அதன் பிறகுதான் எழுந்து சமைக்கப் போனாள். அன்றைக்குச் சாப்பிடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

இனி உன் விஷயம். எனக்கு முழுச் சம்மதம் என்று எழுதினால் அது பொய். வருத்தம் இருக்கிறது. ஆனால் நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஏதோ ஒரு ஆபீஸில் நின்று நீ மாலை மாற்றிக்கொள்வதை நினைத்தால், அது அதைவிடப் பெரிய வருத்தமாக இருக்கிறது. ரிஜிஸ்தர் செய்வதைச் செய்துகொள்ளுங்கள், கல்யாணம் நம் வீட்டு முற்றத்தில் நடக்கட்டும். மார்ச் கடைசி பங்குனியில் விழுகிறது, நம் வீட்டில் அந்த மாதம் கல்யாணம் வைப்பதில்லை. மாசியிலேயே நல்ல முகூர்த்தம் இருக்கிறது, பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன். அவசரம்தான், ஆனாலும் செய்துவிடலாம். அவர்கள் முறைப்படி சர்ச்சில் வைத்தும் ஜெபம் செய்ய வேண்டும் என்றால் நாங்கள் மார்த்தாண்டம் வருகிறோம். அங்கே என்ன நிறத்தில் பட்டு கட்டுவது என்று உன் அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். பந்தக்கால் நடுவதில் அவர்கள் வீட்டில் ஏதும் தடை உண்டா என்று சுஜினிடம் கேட்டுச் சொல்.

முடிந்தால் அடுத்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் வந்துவிட்டுப் போங்கள். சுஜின் சிவில் படித்தவர் என்று சொன்னாயே, வாட்டத்தில் குறை இருந்தால் அவரே பார்த்துச் சொல்லட்டும். நாற்காலி நாலும் வந்துவிட்டது. சாயங்காலம் நானும் அம்மாவும் போய் உட்காருகிறோம். இரண்டு காலியாகவே கிடக்கிறது.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
அருணாசலம்.