வாய்தா கிடையாது

அம்மாடி,

உன் கறுப்பு அங்கியைத் தேடி அலமாரியைக் கலைக்காதே. அதுவும் கார் சாவியும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டன. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பேன். சோதனைக்கு ரத்தம் கொடுத்து, ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொண்டால் அங்கி கிடைக்கும். உன் வழக்கு மதியம்தான் என்று ஜூனியரிடம் கேட்டுவிட்டேன். எட்டு மணிக்கு வாடகைக் கார் வரும்.

வெறும் வயிற்றோடு வா. பிளாஸ்கில் இருப்பது வெந்நீர். காப்பி என்று ஏமாறாதே.

நேற்று, "எனக்கு ஒண்ணுமில்லப்பா, சும்மா நச்சரிக்காதீங்க" என்று கதவை அறைந்து சாத்தினாயே, அந்தக் கதவு இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு நீ வாங்காத வாய்தா இல்லை. இனிமேல் கிடையாது.

என் நண்பர் ஒருவர் உன்னைப் போலவே ஓயாத வக்கீல். நெஞ்சுவலி வந்ததும், "வாதம் முடியட்டும், வெளிய இரு" என்றார். வலியும் வராந்தா பெஞ்சில் சாயங்காலம்வரை மரியாதையாகக் காத்திருந்தது. அவர் ஜெயித்து வெளியே வந்தார். அது எழுந்து வணக்கம் சொன்னது. அத்தோடு சரி.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

அப்பா

கோபமாகவே வா. வந்தால் போதும்.

ஓரத்தில் இடம் இருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். அப்படி ஒரு நண்பர் எனக்குக் கிடையாது, அது நான் கட்டிய கதை. முந்தாநாள் மாடிப்படியில் பாதியில் நின்று, போனைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயே, அதை நான் கட்டவில்லை. கீழேதான் நின்றிருந்தேன்.