மருதம்மாள் ஓட்டிய லாரி

மூன்றாம் டிவிஷன் லயம், பீடோங்
7 ஜூன் 1943

நவமணியின் அப்பாவுக்கு மருதம்மாள் எழுதுவது. நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் இருக்கிறவளும் அப்படியே இருக்க மாரியாத்தா துணை.

நாலு வருஷம் கழித்து எழுதுகிறாளே என்று பயப்படாதீர்கள். திரும்பி வாருங்கள் என்று கேட்க எழுதவில்லை. உங்கள் லாரியைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஜப்பான்காரன் வந்து ஆம்பிளைகளை சயாமில் ரயில் ரோடு போட ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த வீட்டு ராக்காயியின் புருஷனும் போய்விட்டார். ரேஷன் அரிசி நின்றுபோச்சு. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும்தான். போன வாரம் வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போயின. யான் ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் ராக்காயியின் அண்ணன் காட்டைத் திருத்திக் கிழங்கும் மலைநெல்லும் போட்டிருக்கிறார். எல்லாரையும் வரச் சொல்கிறார். நாங்கள் ஐந்து குடும்பம். குழந்தைகள் பதினொன்று. நடக்க முடியாதவர்கள் மூன்று பேர். பெரிய ரோட்டில் ஜப்பான்காரன் சாவடி போட்டு நிறுத்துகிறான். தோட்டத்துச் செம்மண் பாதையிலும் மரம் இழுக்கிற காட்டுப் பாதையிலும்தான் போகவேண்டும்.

கூட்டாளிகளோடு அந்தச் சின்ன லாரியில் மலைக்குப் போய், ஆற்றோரம் தார்ப்பாய் கட்டி மூன்று நாள் தங்கி வருவீர்கள். என்னை ஒரே ஒரு தரம் கூட்டிப் போனீர்கள். அன்றைக்கு அது பாறையிலும் சேற்றிலும் ஏறினதைப் பார்த்திருக்கிறேன். இப்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. சீட்டில் கோழி அடைகாக்கிறது. அடிப்பலகையைத் துளைத்துக் கொடி முளைத்திருக்கிறது. அதைச் சரிபண்ணுவது எப்படி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நான் செய்துகொள்கிறேன்.

இதைக் கொண்டு வருகிற தர்மலிங்கம் அண்ணன் உப்பு விற்கிறவர். நம்பலாம்.

மருதம்மாள்


பாக்கார் ஆராங், சுங்கை பட்டாணி
13 ஜூன் 1943

மருதம்மாளுக்கு பக்கிரிசாமி எழுதுவது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கடுதாசியைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

உனக்குப் பதில் எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். முதலில் நாலு பிளக்கையும் கழற்று. அந்த ஓட்டைகளில் தேங்காய் எண்ணெய் ஊற்றி மூன்று நாள் விட்டுவிடு. பிறகு முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப்பார். அசைந்தால் இஞ்சின் உயிரோடு இருக்கிறது. கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மறுபக்கம் கொண்டுபோகாதே. அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் மரவள்ளி மாவைக் கரைத்து ஊற்று, அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிக்கு பேட்டரி வேண்டாம், அது ஒரு புண்ணியம்.

ஆனாலும் இது பொம்பளை செய்கிற வேலை இல்லை, மருதம். வேறு வழி இருந்தால் பார்.

எங்கள் பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டது. அவர்கள் லாரிகளைத்தான் பழுது பார்க்கிறேன். குணவதி முழுகாமல் இருக்கிறாள். மற்றவர் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

பக்கிரிசாமி


மூன்றாம் டிவிஷன் லயம்
24 ஜூன் 1943

நவமணியின் அப்பாவுக்கு,

உங்கள் கடுதாசி வந்தது. குணவதி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். இந்தக் காலத்தில் வேறென்ன சொல்ல.

பொம்பளை வேலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏணி தூக்கி, வாளி தூக்கி, தினம் முந்நூறு ரப்பர் மரம் சீவினது எந்த ஆம்பிளை? எண்ணெய் ஊற்றி மூன்று நாள் இல்லை, ஐந்து நாள் விட்டோம். பிறகு நானும் ராக்காயியும் சேர்ந்து கைப்பிடியை இழுத்தோம். முனகிக்கொண்டு அரைச் சுற்று வந்தது. ராக்காயி "அடியே, மூச்சு விடுதுடி!" என்று கத்திக் கையைத் தட்டினாள். அடுத்த தரம் திருப்பி அடித்தது. கட்டைவிரலைப் பற்றி நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. இப்போது கையில் மூங்கில் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

இரண்டு டியூபை நான் ஒட்டிவிட்டேன். அதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம். பச்சை ரப்பர் பால் தடவி, மெல்லிய ரப்பர் ஷீட் வைத்து, அடுப்புப் புகையில் காட்டினேன். மற்ற இரண்டும் ஒட்டுகிற நிலையில் இல்லை. டயருக்குள் லாலான் புல்லை இறுக்கி அடைத்திருக்கிறோம். கொடியை வெட்டிவிட்டுப் புதுப் பலகை அடித்தாயிற்று. தின்ன வைத்திருந்த மாவைத் தொட்டியில் ஊற்றும்போதுதான் வயிறு எரிந்தது.

வேலை வாங்குகிற மண்டோர் வந்து லாரி எதற்கு என்று கேட்டார். விறகு ஏற்றத்தான் என்று சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்.

பிளக்கில் பொறி வரவில்லை. பொறி கொடுக்கிற பாயிண்டு துரு ஏறி உதிர்கிறது. வண்டி ஓட எண்ணெய்க்கும் வழி சொல்லுங்கள்.

மருதம்மாள்


பாக்கார் ஆராங்
4 ஜூலை 1943

மருதம்,

தர்மலிங்கம் அண்ணனிடம் ஒரு தலையணை கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார். பஞ்சுக்குள் பாயிண்டு இருக்கிறது. பட்டறையிலிருந்து எடுத்தது. தெரிந்தால் தலை போகும். உப்பு மூட்டைக்கு அடியில் இரண்டு டின். பெரிய டின்னில் கித்தா ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய். நாற்றம் பிடுங்கும், புகையும், ஆனால் ஓடும். சின்னதில் பெட்ரோல். இஞ்சின் சூடாகிறவரைக்கும் அதை மட்டும் ஊற்று.

ஓட்டும்போது பயந்து பாதி வழியில் கியரை மாற்றாதே. மேட்டில் ஏறுமுன்னே முதல் கியர் போட்டு, ஏறி முடிகிறவரை அதிலேயே போ. சேற்றில் நிற்காதே. நின்றால் கிளைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போடு. ஆற்றைத் தாண்டுமுன் இறங்கி, நடந்து ஆழம் பார்த்துவிட்டு விடு.

உன்னை ஒரே தரம் கூட்டிப் போனேன் என்று எழுதினது மனதில் தைத்தது. அன்றைக்கு மழையில் தார்ப்பாய் பிய்ந்து, எல்லாரும் லாரிக்கு அடியில் படுத்தோம். நீ மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாய். அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அந்தச் சிரிப்புத்தான் காதில் இருக்கிறது.

நீ தனியாக ஓட்ட வேண்டாம். நாள் குறித்து எழுது. ஒரு நாள் லீவு வாங்கி நானே வந்து ஓட்டிக்கொண்டுபோய் விடுகிறேன்.

பக்கிரிசாமி


மூன்றாம் டிவிஷன் லயம்
16 ஜூலை 1943

நவமணியின் அப்பாவுக்கு,

ஓடிவிட்டது! செவ்வாய்க்கிழமை காலையில் ஏழாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. சீட்டை விட்டுப் போக மாட்டேன் என்ற கோழி அன்றைக்குத்தான் பறந்தது. நவமணி காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கொட்டகையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஓட்டினேன். திரும்பும்போது பாதையோரத்துக் காண் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டேன். பதினைந்து பேர் சேர்ந்து தூக்கினோம். பசியோடு இருக்கிறவர்கள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து தினம் ஓட்டிப் பழகுகிறேன். ஆனாலும் மலைப் பாதைக்கு நீங்கள் வந்தால் நல்லதுதான். ஆடிப் பதினெட்டு கழிந்து மறுநாள் காலையில் கிளம்பலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். "அப்பா வருமா?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு உங்கள் முகம் மறந்துவிட்டது, குரல்தான் ஞாபகம் இருக்கிறதாம். வந்து அங்கேயே தங்குவதானாலும் இடம் இருக்கிறது. குணவதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று பார்க்கிற காலமா இது.

மருதம்மாள்


சுங்கை பட்டாணி
27 ஜூலை 1943

மருதம், படித்ததும் இதை எரித்துவிடு.

நேற்றுப் பட்டறைக்கு அதிகாரி வந்தான். நாங்கள் பன்னிரண்டு பேர். ஆறு பேர் சயாமுக்கு என்று பெயர் வாசித்தான். அதில் நானும் ஒருவன். ஒளித்து வைத்த வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்கிறவன் இங்கேயே இருக்கலாம் என்றான். குணவதிக்கு எட்டு மாதம். அவளுக்கு இந்த ஊரில் நாதியில்லை. என் வாயிலிருந்து வந்துவிட்டது, மருதம். எந்தத் தோட்டம், எந்தக் கொட்டகை, எல்லாம் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை வருவார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிடு. நீ ஒன்றும் தெரியாதவளாக இரு. உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். வண்டி அங்கே இல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். அப்புறம் என்னை விட மாட்டார்கள். மலைக்குப் போக வேறு வழி பார்ப்போம். நான் ஏதாவது செய்கிறேன்.

உன் காலில் விழுகிறேன்.

பக்கிரிசாமி


யான் மலையடிவாரம்
26 செப்டம்பர் 1943

பக்கிரிசாமி அவர்களுக்கு மருதம்மாள் எழுதுவது.

சயாம் கேம்புக்கு அரிசி ஏற்றிப் போகிறவர் ஒருவர் இருப்பதாகத் தர்மலிங்கம் அண்ணன் சொன்னார். இது உங்கள் கைக்கு வருமா என்று தெரியாது. வந்தால், நடந்ததை என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடுதாசி புதன்கிழமை மதியம் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் நின்று மூன்று தரம் படித்தேன். எரித்தேன். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "இப்பவே கிளம்பணும்" என்றேன். ராக்காயி, "ஏன்டி? பக்கிரி அண்ணன் வரட்டும்" என்றாள். "வரமாட்டாரு" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. தெரியாமல் எடுத்துக்கொண்டு போனேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் எடுத்தேன். பதினொரு குழந்தைகளைப் பார்த்தேன், உங்களையும் நினைத்தேன். பிறகுதான் கைப்பிடியைச் சுற்றினேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். காட்டுக்குள் இரண்டு ராத்திரி தார்ப்பாய் கட்டித் தங்கினோம். இரண்டாம் நாள் காலையில், நடக்க முடியாத மூன்று பேரில் ஒருவரான சின்னையாப் பெரியவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே புதைத்தோம். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தோம். லாரி இனி நகராது. முன் அச்சு உடைந்துவிட்டது. அதன் மேல் கூரை போட்டு இரண்டு குடும்பம் குடியிருக்கிறது. கிழங்கு தோண்டத் தொடங்கியிருக்கிறோம்.

உங்களை வெள்ளிக்கிழமையே ரயிலேற்றினார்கள் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். நான் அழவில்லை என்று சொன்னால் பொய். வருந்தினேன் என்று சொன்னால், அதற்காக வண்டியை விட்டிருப்பேன் என்று ஆகிவிடும். விட்டிருக்க மாட்டேன்.

தர்மலிங்கம் அண்ணனின் மாட்டு வண்டியை அனுப்பி குணவதியை வரவழைத்தேன். வந்த ஒன்பதாம் நாள் பிரசவம். ராக்காயிதான் பார்த்தாள். பெண் குழந்தை, உங்கள் நிறம். மற்றவர்களைப் போல உங்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றுதான் குணவதி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொன்னதும் அவளுக்குத் தெரியாது. நான் செய்ததும் தெரியாது. திரும்பி வந்தால் உங்களுடையதை நீங்கள் சொல்லுங்கள். என்னுடையதை நான் சொல்கிறேன். அதற்குப் பிறகு யார் முகத்தில் யார் விழிப்பது என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவள் என் பானையில்தான் சாப்பிடுகிறாள்.

குழந்தைக்கு முப்பது நாள் ஆகப்போகிறது. பெயர் நீங்கள்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். முடிந்தால் ஒரு பெயர் எழுதி அனுப்புங்கள்.

மருதம்மாள்