நான் எடுத்துவிட்ட வரி

ஜூலை 8, செவ்வாய்

எழுந்ததும் கொடியில் கிடந்த துணிகளைத் திருப்பிப் போட்டேன். மூன்றாவது நாள், இன்னும் ஈரம். சாரல். ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை, பனி மட்டும்.

அச்சுக் கடையில் முதல் ஆள்: முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி இறந்து இருபத்தைந்து நாள். முப்பதாம் நாள் கும்பிட ஃப்ளெக்ஸ் வேண்டுமாம். பெயர் கவிதா, பிறந்த வீடு பூம்பாறை. "பூண்டுக் காட்டுல வரப்பு வழுக்கி விழுந்துட்டா மேடம்." செல்போனில் ஒரே படம். குழந்தைக்கு மொட்டை போட்ட அன்று எடுத்தது.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி, பட்டுச்சேலை, நகையோட பண்ணிக் குடுங்க. நாலு சனம் பாக்கும்ல."

"நம்ம வசந்தாம்மா அசத்திருவாங்க. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் முதலாளி பாய்.

வழக்கம்போலப் படத்தை ஏஐ-யில் ஏற்றினேன். அது படத்தை வரிகளாக்கித் தரும். வரிகளைத் திருத்தி மறுபடி கொடுத்தால் புதுப் படம். வந்தது இங்கிலீஷில். தமிழில் இப்படி:

கிராமத்துப் பெண், முப்பதுக்குள். பச்சைப் புடவை, இடுப்பில் குழந்தை. இடது கண்ணுக்குக் கீழே மஞ்சள் படர்ந்த பழைய காயம். இறுகிய உதடு. கேமராவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே நிற்கும் யாரையோ பயத்துடன் கவனிக்கிறாள்.

எடுத்தவை: குழந்தை, காயம், உதடு, பயம். சேர்த்தவை: பட்டு, அட்டிகை, புன்னகை, நேர்ப்பார்வை. பத்து நிமிஷம். அந்த ஆளுக்குத் திருப்தி.

நிழலைக் காயம் என்று எழுதியிருக்கும். தப்பாகவும் எழுதும்தானே.

வாங்க: பால், ரஸ்க், காஸ் புக்கிங்.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. பூம்பாறை பஸ் நிற்குமிடத்தில் கவிதாவின் ஃப்ளெக்ஸைக் கட்டியிருக்கிறார்கள். டீக்கடையிலிருந்து பார்த்தேன். என்னைப் பார்த்தாள். மெடிக்கல் ஷாப் வாசலுக்குப் போனேன். அங்கேயும். நேராகப் பார்க்கச் சொல்லி எழுதியது நான்தான்.

பனி வந்து பட்டுச்சேலையை மூடியது. சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அவளுடைய சொந்த முகம் நினைவுக்கு வரவே இல்லை. கடைக்குப் போய்ப் பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். நிழல் இல்லை. முதலில் கருநீலம், அப்புறம் பச்சை, ஒரு வாரம் ஆனால் மஞ்சள். மூன்று வருஷம் பவுடர் பூசி மறைத்த எனக்கு எந்த இயந்திரமும் சொல்லித் தர வேண்டாம்.

உண்மையை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். ஏஐ சொல்லும் முன்பே.

ஜூலை 14, திங்கள்

தலைவலி. அதே ஆள் மறுபடி, மாமனாரோடு. நேற்று முப்பது முடிந்ததாம். இன்று கல்யாணப் பத்திரிகை, ஆவணி முதல் முகூர்த்தம். பெண் பவித்ரா. கவிதாவின் தங்கை.

"பிள்ளைக்கு ஒன்றரை வயசும்மா. வேத்தாளு வந்து பாக்கறதுக்கு சித்தி பாத்தா நல்லதுதான?" என்றார் மாமனார். நான் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை: "மேல கவிதா போட்டோ வச்சு, அக்காவின் ஆசியுடன்னு போட்டுருங்க. அதே போட்டோ. எல்லாரும் நல்லாருக்குன்னாங்க."

வைத்தேன். டைப் செய்தேன்.

அவர்கள் போனதும் பாய்: "சாவு ஃப்ளெக்ஸும் நம்மகிட்ட, கல்யாணப் பத்திரிகையும் நம்மகிட்ட. நல்ல பார்ட்டி." சிரித்தார். பிறகு அவரே, "பாவம், அந்தப் புள்ள" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

பவித்ரா ப்ரூஃப் பார்க்க வந்தாள். தனியாக, இடுப்பில் அக்கா குழந்தை. வாயாடி.

"எம்பேருக்குப் பின்னால பி.காம் போடுங்கக்கா. ரெண்டு அரியர் கெடக்கு, பரவால்லைல்ல? பத்திரிகையில யாரு மார்க் ஷீட் கேக்கப்போறா?"

சிரித்துவிட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். "ஏலே, அம்மா பாரு" என்று குழந்தைக்குக் காட்டினாள். பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. ஸ்டாப்ளரைக் கேட்டான்.

"எங்கக்கா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா. ஊருக்கு வந்தாலும் பேசவே மாட்டா. நான் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன், தெரியுமா? முப்பதுக்கு இந்தப் போட்டோவப் பாத்தேன். அட, அங்க சந்தோசமாத்தான் இருந்திருக்கா, நாமதான் தப்பா நெனச்சிட்டோம்னு தோணுச்சு. அப்பறம்தான் சரின்னேன்." குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். "இது எப்ப எடுத்ததுக்கா?"

எடுக்கவே இல்லை. சொல் வாய்வரை வந்தது. பாய் கல்லாவில்.

"தெரியலம்மா" என்றேன்.

"நல்லாருக்கு. அச்சுக்குக் குடுத்துருங்க" என்று போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் அச்சு.

மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தேன். டப்பாவை அப்படியே மூடிக் கொண்டுவந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று. துணி இன்று காய்ந்தது.

கடையில் யாரும் இல்லாத நேரம் பழைய படத்தைப் பெரிதாக ஒரு பிரதி போட்டேன். ஏஐ தந்த வரிகளைத் திருத்தாமல், தமிழில், என் கையால் எழுதினேன். கீழே நான் எடுத்தவை, சேர்த்தவை. கவிதா எப்படி இறந்தாள் என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் என் பெயர், கையெழுத்து.

பாயிடம் பல் வலி, நாளைக்கு லீவு என்றேன். "போயிட்டு வெரசா வாங்க, மத்தியானம் அச்சு இருக்கு" என்றார்.

பல் டாக்டரிடம் போகப்போவதில்லை. நாளை வெள்ளனே பூம்பாறை பஸ். பவித்ராவின் அப்பாவிடம் இல்லை, அவள் கையில்தான் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன்.