டிரம்ஸ்: மாதேஷ்

ஆடி 11, ஞாயிறு.

முதியோர் கல்வி கிளாசுக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்ட சந்தோஷத்தில் இன்று அந்த சிடி அட்டையை எடுத்தேன். என் மகன் மாதேஷ் இருந்த பாட்டுக் குழு, ஆரம்பத்தில் பதிவு செய்த பாட்டுகளையெல்லாம் சேர்த்துப் போட்ட சிடி. ராயக்கோட்டையில் எங்கள் தக்காளிக் குடோனில், எதிரொலி வராமலிருக்க சுவரெங்கும் கோணி கட்டித்தான் பதிவு செய்தார்கள். எல்லாப் பாட்டுக்கும் டிரம்ஸ் அடித்தது மாதேஷ்தான். பொங்கலுக்கு சிடி வந்தபோது அவனே எனக்குப் படித்துக் காட்டினான்.

"டிரம்ஸ், மாதேஷ்னு போட்டிருக்குது பாருப்பா."

மார்க்கெட் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இன்று மூன்று முறை விரல் வைத்துப் படித்தேன். டிரம்ஸ் என்ற இடத்தில், இவன் கம்பெனி வேலைக்குப் போனபின் குழுவில் சேர்ந்தவன் பெயர் இருக்கிறது. குடோனுக்குக்கூட நன்றி போட்டிருக்கிறார்கள். என் மகன் பெயர் எங்குமே இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்தவன், என் கையில் அட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"படிச்சிட்டியாப்பா?"

"எங்கடா, எழுத்து பொடிப்பொடியா இருக்குது. கண்ணுக்கே தெரியல."

"ஆறு மாசம் கிளாசுக்குப் போன லட்சணம் இதானா?" என்று சிரித்தான். முகம் தெளிந்துவிட்டது.

அட்டை அடித்தவர்களுக்கு எழுத வராத பெயர் எனக்கு வருகிறது. இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரம்ஸ்: மாதேஷ்.